30 வெள்ளி ஸ்டெதஸ்கோப்: ஹாஃப்கட் எஞ்சின் ஏற்றியவர்கள் கட்டாயம் வாங்க வேண்டியது

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கங்களில் புரோட்டான் வீரா காருக்கு 4ஜி93 ட்வின்கேம் ஹாஃப்கட் (பழைய காரின் வெட்டிய முன்பாதியிலிருந்து எடுத்த எஞ்சின்) ஏற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் 'டக் டக்' என்று கேட்டால் போதும், "பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். இறக்குவதற்கு முன்னால், 30 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பை ஒருமுறை காதில் மாட்டுங்கள். டாக்டர் வைத்திருப்பது போலத்தான், வட்டத் தட்டு இருக்கும் இடத்தில் இரும்புக் கம்பி.

பொருளில் குறை உண்டு. கம்பி இரண்டு துண்டாக வரும். மரை தளர்ந்தால் கம்பியே அதிர்ந்து 'டிக் டிக்' என்று பொய்ச் சத்தம் கொடுக்கும். ப்ளாயரால் நன்றாக இறுக்கிவிடுங்கள். ரப்பர் குழாய் சூடான எக்ஸாஸ்டில் (புகைக்குழாயில்) பட்டால் உருகும், பெல்ட்டில் சிக்கினால் ஆபத்து. குழாயை எப்போதும் கையில் சுருட்டிப் பிடியுங்கள்.

முதலில் மினியாக் ஹித்தாம் (எஞ்சின் எண்ணெய்) பிரஷரை மீட்டர் போட்டுப் பாருங்கள். பிரஷர் இல்லாத எஞ்சினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பது அதைக் கொல்வதற்குச் சமம். பிரஷர் சரியென்றால் கம்பியைப் போல்ட் தலையில் வையுங்கள், மெல்லிய தகட்டில் வேண்டாம். சத்தம் இரும்பு வழியே எங்கும் ஓடும். அதனால் நான்கு சிலிண்டரிலும் ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எது கூர்மை என்று தெரியும்.

எஞ்சின் மேல்மூடியான வால்வு கவர் போல்ட்டில் கூர்மையான 'டிக்' என்றால் பெரும்பாலும் லிஃப்டர், அதாவது எண்ணெய் நிரம்பி வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சிறு பாகம். ஸ்டோரில் நாள்கணக்கில் கிடந்த எஞ்சினில் லிஃப்டருக்குள் காற்று ஏறியிருக்கும். புது எண்ணெய், புது ஃபில்டர் போட்டு, சூடான பிறகு ஐட்லிலிருந்து 3000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள், பத்துப் பதினைந்து முறை. அதற்கும் அடங்காவிட்டால் அழுக்கு அடைத்திருக்கும். கழற்றிக் கழுவலாம், இல்லை மாற்றலாம்.

குளிர்ந்த எஞ்சினில் 'டிக்', சூடானதும் குறைகிறதா? பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கட், அதாவது எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்துத் தகடு. கம்பியைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை விளிம்போரம் நகர்த்தினால் காற்று கசியும் இடம் காதிலேயே தெரியும்.

கீழே பிளாக்கில் கனத்த 'டொக்' கேட்டால், ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் (பெட்ரோல் பீய்ச்சும் பாகம்) சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றைக் கழற்றும்போது மட்டும் சத்தம் தணிந்தால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் ராட் பேரிங்தான் (பிஸ்டன் தண்டு கிராங்கில் சேரும் இடத்துப் பேரிங்). பிளக் கேபிளைப் பிடுங்க வேண்டாம். கைக்கும் ஷாக், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக்கும் கெடும்.

அதிகம் ஏமாறும் இடம் ஆட்டோ கியர் வண்டி. எஞ்சின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் போல்ட் தளர்ந்தாலோ, அதைக் கிராங்கோடு இணைக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் விரிசல் விழுந்தாலோ, அச்சு அசல் ராட் சத்தம்தான் வரும். எஞ்சின் மாற்றும்போது கழற்றி மாட்டுகிற போல்ட்டுகள் இவையே. பிளாக் போல்ட்டில் ஒருமுறை, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங் போல்ட்டில் ஒருமுறை வைத்துக் கேளுங்கள். ஹவுசிங்கில் கூடுதலாகக் கேட்டால் எஞ்சினை இறக்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, கீழ் மூடியைக் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி ஒவ்வொரு போல்ட்டையும் சோதியுங்கள். இந்த ஒரு சோதனைக்கே 30 வெள்ளி தகும்.

செம்மண் சாலையில் ஓடும்போது மட்டும் வரும் சத்தத்துக்கு இது உதவாது. அதற்கு, வண்டியின் பாகங்களில் கிளிப்பால் மாட்டி ஓட்டிக்கொண்டே கேட்கும் மைக் செட்தான் வேண்டும்.