ஸோனா, கவுண்டரா? அமெரிக்கக் கால்பந்தில் ஓடி முன்னேறும் இரண்டு வழிகள்

சான் டியேகோவின் ஒரே மைதானத்தில், பத்தாண்டு இடைவெளியில், டென்வர் பிராங்கோஸ் அணி இரண்டு சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஆட்டங்களில் இறங்கியது. 1988 ஜனவரியில் வாஷிங்டனிடம் 42-10 என்று நொறுங்கியது. டிம்மி ஸ்மித் என்ற புதுமுக ரன்னிங் பேக் அன்று 22 முறை பந்தைத் தூக்கி ஓடி 204 யார்டு எடுத்தார். சூப்பர் பவுலில் அது இன்றும் முறியாத சாதனை. 1998 ஜனவரியில் அதே டென்வர் கிரீன் பே அணியை 31-24 என்று வென்றது. ஒற்றைத் தலைவலியால் இரண்டாம் கால்பகுதியின் பெரும்பகுதியை இழந்தும் டெரல் டேவிஸ் 157 யார்டும் மூன்று டச்டவுனும் (எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறுவது) எடுத்தார். முதல் ஆட்டத்தை வென்றது கவுண்டர் என்ற ஓட்ட முறை. இரண்டாவதை வென்றது ஸோன் என்ற முறை. ஓட்ட ஆட்டத்தைப் பற்றிய விவாதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் இடையில்தான் நடக்கின்றன.

கவுண்டரில் ஓட வேண்டிய வழி பந்து நகரும் முன்பே முடிவாகிவிடுகிறது. ரன்னிங் பேக் முதல் அடியை இடப்பக்கம் வைக்கிறார். எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். அதற்குள் முன்வரிசையில் வழிதிறக்கும் இடப்பக்க கார்டும் டாக்கிளும் வரிசையைவிட்டு விலகி வலப்பக்கம் ஓடுகிறார்கள். முன்னால் போகும் கார்ட் எதிரணியின் ஓரத் தடுப்பாளரை வெளியே தள்ளுகிறார். பின்னால் வரும் டாக்கிள் திறந்த வாயிலுக்குள் நுழைந்து லைன்பேக்கரை மோதுகிறார். வலப்பக்கத்தில் இருப்பவர்களோ எதிரிகளைப் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி அடிக்கிறார்கள். நேருக்கு நேர் தள்ளுவதைவிடக் கோணத்தில் அடிப்பது எளிது. இந்த முறையின் பலமே அந்தக் கோணம்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி ஆடியதைப் பார்த்துத் தன் அணிக்கு இதைக் கொண்டுவந்தவர் வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ்.

ஸோனின் ஒரு வடிவமான பரந்த ஸோனில் முன்வரிசையின் ஐந்து லைன்மேன்களும் ஒரே திசையில் ஒன்றாக நகர்கிறார்கள். எந்த எதிரியை யார் தடுப்பது என்று முன்கூட்டியே பெயர் சொல்லிப் பிரிப்பதில்லை. தன் பகுதிக்குள் வருபவர் யாரோ அவரே தன் பொறுப்பு. எதிரணி வரிசை பக்கவாட்டில் இழுபட்டு ஓரிடத்தில் கிழியும். அந்தக் கிழிசல் வெளியோரத்தில் இருக்கலாம், நடுவில் இருக்கலாம், பின்பக்கத்திலும் (வரிசை நகரும் திசைக்கு எதிர்ப்பக்கம்) இருக்கலாம். ஓடுபவர் அதைக் கண்டதும் ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்ப வேண்டும். தயங்கக் கூடாது, பின்னோக்கி ஓடக் கூடாது. டென்வரில் அலெக்ஸ் கிப்ஸ் (ஜோ கிப்ஸுக்கு உறவினர் அல்லர்) கண்டிப்புடன் வளர்த்த ஒழுங்கு இது. அவருடைய வரிசை லீக்கிலேயே எடை குறைந்தவற்றில் ஒன்று. ஆனாலும் 1995 புதுமுக வீரர் தேர்வில் ஆறாம் சுற்று வரை யாரும் தொடாத டேவிஸ், 1998 பருவத்தில் 2,008 யார்டு ஓடினார். அவர் காயத்தில் விழுந்த பிறகு 1999இல் ஒலாண்டிஸ் கேரியும் 2000இல் மைக் ஆண்டர்சனும் ஆயிரம் யார்டைக் கடந்தார்கள். ஆள் மாறியும் ஓட்டம் நிற்கவில்லை. ஸோனுக்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஸ்மித்தின் கதை வேறு. அந்த 204 யார்டு ஓடியவர், அதற்கு முந்தைய வழக்கமான பருவம் முழுவதிலும் எடுத்தது 126 யார்டுதான். கவுண்டரும் பெயர் தெரியாத ஒருவரை நாயகனாக்கும். ஆனால் அதற்கு ஓடிக்கொண்டே மோதத் தெரிந்த பெரிய கார்டும் டாக்கிளும் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கிடைப்பது அரிது.

தடுப்பவர்கள் இரண்டுக்கும் மருந்து கண்டிருக்கிறார்கள். கவுண்டரில் விலகி ஓடும் கார்டே ரகசியத்தை உடைத்துவிடுகிறார். கூர்மையான லைன்பேக்கர் ஓடுபவரைப் பார்ப்பதில்லை, கார்டின் முதல் அடியைப் பார்க்கிறார். ஓரத் தடுப்பாளர் வெளியே தள்ளப்படக் காத்திராமல் உள்ளே பாய்ந்து கார்டின் மேல் விழுந்தால் வாயிலே அடைபட்டுவிடும். ஸோனுக்கான மருந்து 2019 பிப்ரவரி சூப்பர் பவுலில் தெரிந்தது. நியூ இங்கிலாந்து ஆறு பேரை முன்வரிசையில் நிறுத்தியது. ஒவ்வொரு லைன்மேன் எதிரிலும் ஒருவர் நின்றதால், இருவர் சேர்ந்து ஒருவரைத் தள்ளிவிட்டு லைன்பேக்கரிடம் போகும் வாய்ப்பே இல்லாமல் போனது. பரந்த ஸோனை நம்பி வாழ்ந்த லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அன்று ஓடியது 62 யார்டு. மொத்தப் புள்ளி மூன்று.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பருவம் முழுவதற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பரந்த ஸோனைத்தான் தேர்ந்தெடுப்பேன். காரணம் ஓட்டத்தில் மட்டும் இல்லை. வரிசை முழுவதும் வலப்பக்கம் பாயும்போது, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் அதைக் கொடுப்பதுபோலக் காட்டி இடப்பக்கம் தனியே ஓடினால், பின்பக்கத் தடுப்பாளர் யாரைத் துரத்துவது? குவார்ட்டர்பேக் ஜான் எல்வே இருந்த டென்வரில் அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் பந்து பறந்துவிடும். முதல் ஒன்றரை வினாடி ஓட்டமும் வீச்சும் ஒன்றுபோலவே தெரிவதுதான் ஸோனின் உண்மையான லாபம். விலை பயிற்சி நேரம். ஐவரின் கால்களும் ஒன்றாக நகர வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். அரைகுறையாகக் கற்றால் எதிரி எளிதாக உள்ளே நுழைந்துவிடுவார்.

குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவர் என்றால் என் தீர்ப்பு மாறும். 2019இல் லமார் ஜாக்சனின் பால்டிமோர் 3,296 யார்டு ஓடி லீக் சாதனை படைத்தது. ஓரத் தடுப்பாளர் ஒருவரை யாரும் தொடாமல் விட்டுவிடலாம்; ஜாக்சன் எந்தப் பக்கம் போவார் என்ற பயமே அவரை நிறுத்திவைக்கும். அதனால் மிச்சமாகும் தன் அணி லைன்மேன் லைன்பேக்கரை மோதப் போவார். அத்தகைய அணியில் கார்டுகள் விலகி ஓடும் ஆட்டங்களே அடித்தளமாக இருக்கட்டும்.

நான்காம் டவுன் (கடைசி வாய்ப்பு), ஒரு யார்டு தேவை என்றால் இரண்டையும் ஒதுக்கிவிடுவேன். ஸோன் பக்கவாட்டில் நேரம் செலவழிக்கிறது. கவுண்டர் பொய் அடிக்கு நேரம் செலவழிக்கிறது. கவுண்டரின் மூத்த உறவான பவர் என்ற முறை போதும்: பொய் அடி இல்லை, ஓடுபவருக்கு முன்னால் போய் மோதும் ஃபுல்பேக் ஓரத் தடுப்பாளரைத் தள்ளுகிறார், ஒரு கார்ட் மட்டும் விலகி வருகிறார், பந்து அவர் பின்னாலேயே போகிறது.