ராணுவத்துக்குப் போகும் பிள்ளைகளின் பல்லை எண்ணிப் பார்க்கும் பாகாயம் கிளினிக்

ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ராணுவத்தில் சேரக் காலையில் பயிற்சி கொடுக்கிறேன். கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்குப் பேர்போன ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடவும் கம்பியைப் பிடித்து 10 முறை உடம்பைத் தூக்கவும் சொல்லித்தர இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கத்தான் யாரும் கிடையாது. ஓட்டத்தில் முதலாவதாக வந்த பையன் மருத்துவப் பரிசோதனையில் பல்லால் நின்றுபோவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதனால்தான் பாகாயத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன பல் கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன்.

அங்கே இருக்கிற டாக்டரம்மாவுக்கு ராணுவத்தின் பல் கணக்கு அத்துப்படி. குறைந்தது 14 புள்ளி வேண்டும். முன்பல்லுக்கும் அதற்கடுத்த சின்னக் கடைவாய்ப்பல்லுக்கும் 1, பெரிய கடைவாய்ப்பல்லுக்கு 2. ஆனால் ஒரு பல் இருந்தால் மட்டும் போதாது, எதிரே அதற்கு ஜோடிப் பல் இருந்து இரண்டும் சேர்ந்து கடிக்க வேண்டும். ஞானப்பல்லும் நன்றாக வளர்ந்து 32 பல்லும் இருந்தால் 22 புள்ளி. பதினெட்டு வயதுப் பையன்கள் பலருக்கு ஞானப்பல் முளைத்தே இருக்காது. அப்படிப்பட்டவன் கையில் இருப்பது 18 புள்ளிதான்.

எங்கள் பையன் ஒருவனுக்குச் சின்ன வயதிலேயே கீழே இரண்டு பக்கமும் முதல் பெரிய கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். மேல்பல் முத்து மாதிரி இருக்கிறது, ஆனாலும் ஜோடி இல்லாததால் கணக்கில் வராது. 18-ல் பக்கத்துக்கு 2 போக மிச்சம் சரியாக 14. இன்னொரு பெரிய கடைவாய்ப்பல்லில் வேறு சொத்தை. வேறொரு இடத்தில் அதையும் பிடுங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். பிடுங்கியிருந்தால் 12, கதை முடிந்தது. இந்த அம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பல்ல நீ விடவே கூடாது. எடுத்துட்டா திரும்ப வராதுப்பா" என்று சொல்லி, ரூட் கெனால் செய்து காப்பாற்றிக் கொடுத்தார். கழற்றி மாட்டுகிற பல்செட்டு புள்ளியில் சேராது என்பதையும் அவனுடைய அப்பாவை உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். இந்தப் பொறுமைக்காகவே எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஈறு விஷயத்தில் கண்டிப்பானவர். ஈறு வீங்கி ரத்தமும் சீழும் வருகிற அளவுக்கு முற்றிய நோய் இருந்தால் ராணுவத்தில் ஒதுக்கிவிடுவார்கள். ஹான்ஸ் புகையிலை போடுகிற பையனை வாயைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறார். அப்பா அம்மா முன்னால் மானத்தை வாங்காமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

பார்த்து முடித்ததும் ஒரு அட்டையில் பல்வாரியாகப் புள்ளியை எழுதித் தருகிறார். முடிவு சொல்வது ராணுவ டாக்டர்தான், இந்த அட்டை அங்கே செல்லாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார். சான்றிதழ் எழுதித் தருகிறோம் என்று காசு வாங்குகிற வேலை இங்கே இல்லை.

குறை என்றால், இரண்டு நாற்காலிதான், மாலையில் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். படியும் செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிப் போவது கஷ்டம். ரூட் கெனால் கட்டணம் கிராமத்துக் குடும்பத்துக்குக் கொஞ்சம் பாரம், ஆனால் தவணையாகக் கொடுக்க விடுகிறார்கள்.

ஆள்சேர்ப்பு அறிவிப்பு வந்த பிறகு ஓடாதீர்கள். சொத்தையை அடைக்கவும் ஈறு ஆறவும் நாள் பிடிக்கும். பையன் மைதானத்தில் ஓட ஆரம்பிக்கிற மாதத்திலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும்தான் திறந்திருக்கும். நாலைந்து பையன்களாகப் போவதென்றால் முன்னாடியே போன் செய்துவிட்டுப் போங்கள்.