18.06: ரியல் அனாலிசிஸில் தோற்றவன் எழுதும் விமர்சனம்

மெக்கானிக்கல் படிப்போடு கணக்கில் ஒரு விருப்பப் பாடம் எடுக்கலாம் என்றார்கள். ரியல் அனாலிசிஸ் எடுத்தேன், கால்குலஸை அடியிலிருந்து நிரூபித்துக் காட்டும் பாடம். பேர் கெத்தாக இருந்தது, வேறு காரணம் இல்லை. ஆறு வாரம் எப்சிலான், டெல்டா என்று, எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதை அளக்கும் குட்டி எண்களோடு ஓடியது. இதெல்லாம் எதற்கு என்று கடைசிவரை பிடிபடவில்லை. பாதியில் விட்டுவிட்டேன்.

அந்தக் கடுப்பில்தான் எம்ஐடி தன் பாடங்களைப் போட்டு வைக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 18.06 என்ற எண்ணுள்ள பாடத்தைத் திறந்தேன். கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா, அதாவது மேட்ரிக்ஸ், வெக்டர் கணக்கு. இலவசம். 1999-இல் எடுத்த வீடியோ, படம் கொஞ்சம் மங்கல்தான். முதல் வகுப்பில் இரண்டு சமன்பாடுகள்: 2x - y = 0, -x + 2y = 3. பள்ளியிலேயே போட்டுச் சலித்த கணக்கு. முதலில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்வதாக வரைகிறார். அப்புறம் அதையே நிரல் நிரலாகப் பார்க்கச் சொல்கிறார்: (2, -1) ஒரு பங்கு, (-1, 2) இரண்டு பங்கு, கூட்டினால் (0, 3). மேட்ரிக்ஸ் என்பது கலவைக் கணக்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நல்ஸ்பேஸ் என்பது ஒரு மேட்ரிக்ஸால் பெருக்கினால் பூஜ்யமாகிவிடும் வெக்டர்களின் கூட்டம். அந்த வகுப்புக்காகவே இதைப் பார்க்கலாம். புராஜெக்டில் ஒரு பிராக்கெட்டை எஃப்இஎம் மென்பொருளில் (பொருளைச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, விசைக்கு எப்படி வளையும் என்று கணக்கிடுவது) ஓட்டும்போதெல்லாம் 'சிங்குலர் மேட்ரிக்ஸ்', அதாவது ஒரே விடை கிடைக்காத மேட்ரிக்ஸ், என்று நின்றுவிடும். "எங்கேயாவது ஃபிக்ஸ் பண்ண மறந்திருப்பே, பாருடா" என்பார் சீனியர். பண்ணுவேன், ஓடிவிடும். ஏன் என்று கேட்டதில்லை. எங்கும் பிடித்து வைக்காத பொருள் மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். உள்ளே எந்த இறுக்கமும் உண்டாகாது. அசைவைக் கொடுத்தால் அதற்கு வேண்டிய விசையைச் சொல்வது ஸ்டிஃப்னஸ் மேட்ரிக்ஸ்; விசையே வேண்டாத அந்த ஆறு அசைவுகள்தான் அதன் நல்ஸ்பேஸ். வீடியோவை நிறுத்திவிட்டுப் பழைய ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரு மூலையில் ஒரே ஒரு புள்ளியைத்தான் பிடித்து வைத்திருந்தேன். நகராது, சரி. சுழலுமே!

குறை இல்லாமல் இல்லை. நிரூபணங்களில் ஸ்ட்ராங் அதிகம் நிற்பதில்லை. கணக்குத்துறை ஆட்களுக்குப் பசி அடங்காது. வீட்டுக்கணக்குகள் விடையோடு இருக்கின்றன, ஆனால் நீங்கள் போட்டதைத் திருத்த ஆள் கிடையாது. டிகிரிக்கு கிரெடிட்டும் வராது. இன்னொன்று, ஸ்ட்ராங் பேசினால் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். நான் ஒரே மூச்சில் நாலு வகுப்பு பார்த்துவிட்டுக் கணக்கில் கை வைத்தேன். முதல் கணக்கே வரவில்லை.

அப்புறம் ரியல் அனாலிசிஸுக்கே திரும்பிப் போனேன், இந்த முறை ஒரு கேள்வியோடு. மேலும் கீழுமாகத் திடீரெனத் தாவும் சதுர அலையை ஃபூரியே தொடராக, அதாவது சைன் அலைகளின் கூட்டலாகப் போட்டால், எத்தனை உறுப்பு சேர்த்தாலும் தாவும் இடத்தில் தாவலின் அளவில் சுமார் 9 சதவீதம் மேலே எகிறிக்கொண்டே இருக்கிறதே, ஏன்? எப்சிலான் அங்கே வேலைக்கு வந்தது.