பொதுச்சொல்லா, குறுகிய கீவேர்டா? கூகுள் ஆட்ஸில் ஒரு கிரைண்டர் கணக்கு

கோவையில் ஹோட்டல்களுக்கு 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் விற்கும் கடைக்கு, கூகுள் ஆட்ஸில் கீவேர்டு (எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கும் சொல்) போட மூன்று வழி உண்டு. 'வெட் கிரைண்டர்' என்பதை பிராட் மேட்ச்சில் (தொடர்புள்ள தேடல்கள் எல்லாவற்றுக்கும்) போடலாம். '10 லிட்டர் டில்டிங் கிரைண்டர்' என்பதை ஃப்ரேஸ் மேட்ச்சில் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு) போடலாம். அதையே இன்னும் இழுத்து, 'சிங்காநல்லூர் ஹோட்டல் 10 லிட்டர் டில்டிங் கிரைண்டர் விலை' என்று எக்ஸாக்ட் மேட்ச்சில் (அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும்) போடலாம்.

முதல் வழியில் கிளிக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்கு டேபிள் டாப் தேடுபவரும், பெல்ட் அறுந்து ரிப்பேர் கடை தேடுபவரும் உங்கள் காசில்தான் வந்து போவார்கள். ஒரு கிளிக் 15 ரூபாய், நூறு கிளிக்குக்கு ஒருவர் வாங்குகிறார் என்று வையுங்கள்: ஒரு விற்பனைக்கு 1,500 ரூபாய் செலவு. இரண்டாவது வழியில் கிளிக் 25 ரூபாயே ஆனாலும், நூறில் நாலு பேர் வாங்கினால் 625 ரூபாய்தான். கிளிக் விலையை மட்டும் பார்ப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

மூன்றாவது வழி கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், ஓடாது. தேடுவோர் மிகக் குறைவு என்றால் 'லோ சர்ச் வால்யூம்' என்று கூகுள் அந்தக் கீவேர்டை நிறுத்திவைக்கும், விளம்பர இடத்துக்கான ஏலத்துக்கே போகாது. சொற்களை முன்பின் மாற்றி ஐம்பது வரி எழுதுவதும் வீண். 2018 முதல் அதே பொருளில் வரும் தேடலையும் எக்ஸாக்ட் மேட்ச்சே பிடித்துக்கொள்கிறது. ஊரை லொகேஷன் செட்டிங்கில் கொடுங்கள். அங்கே 'பிரசன்ஸ்' (அந்த ஊரில் இருப்பவர்கள்) மட்டும் தேர்ந்தெடுக்காவிட்டால், அந்த ஊரைப் பற்றித் தேடும் வெளியூர்க்காரருக்கும் விளம்பரம் போகும்.

ஆகவே இரண்டாவது வழிதான். ஆனால் அது நெகட்டிவ் பட்டியல் (எந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டக்கூடாது என்ற பட்டியல்) இல்லாமல் நிற்காது. 'ரிப்பேர்', 'பெல்ட்', 'செகண்ட் ஹேண்ட்', 'டேபிள் டாப்' என்று தொடங்குங்கள், தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். நெகட்டிவ் சொல் ஒருமை பன்மையைத் தானாகப் பிடிக்காது. 'பெல்ட்ஸ்' தனியாக வேண்டும். சின்ன அளவைத் தடுக்க '2 லிட்டர்' என்று ஃப்ரேஸில் போடுங்கள். 'லிட்டர்' என்று மட்டும் போட்டால் உங்கள் 10 லிட்டர் விளம்பரமே படுத்துவிடும். கிளிக் செய்தவர் கடையின் முகப்புப் பக்கத்துக்கு அல்ல, அந்த 10 லிட்டர் கிரைண்டரின் பக்கத்துக்கே போய்ச் சேர வேண்டும். குவாலிட்டி ஸ்கோரில் (கீவேர்டுக்கு கூகுள் தரும் தர மதிப்பெண்) அந்தப் பக்கத்துக்கும் பங்குண்டு.

வாரம் ஒருமுறை சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட்டை (மக்கள் உண்மையில் தேடிய சொற்களின் பட்டியல்) திறந்து புது நெகட்டிவ்களைச் சேருங்கள். அதில் தெரியும் சொற்களின் செலவைக் கூட்டினால் மொத்தச் செலவுக்குக் குறைவாகவே வரும். சொற்பமாகத் தேடப்படும் சொற்களை 2020 செப்டம்பரிலிருந்து கூகுள் அதில் காட்டுவதில்லை.