சுடாமல் ஜெயிக்க முடியுமா? மூன்று விண்வெளிப் பேரரசு கேம்களில் பண்பாட்டு வழி

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்பதுதான் விண்வெளிப் பேரரசு கேம்களின் எழுதாத சட்டம். 1993-ல் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ வருவதற்குச் சற்று முன், ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ பத்திரிகையில் அதைப் பற்றி முன்னோட்டம் எழுதிய ஆலன் எம்ரிச், இந்த வகைக்கு நான்கு எக்ஸ் என்று பெயர் சூட்டினார். எக்ஸ்ப்ளோர், எக்ஸ்பாண்ட், எக்ஸ்ப்ளாய்ட், எக்ஸ்டெர்மினேட்: தேடு, பரவு, சுரண்டு, ஒழித்துக்கட்டு. கடைசி எக்ஸ்தான் ஆட்டத்தை முடிக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கேமிலேயே ஒரு பின்வாசல் இருந்தது: எல்லா இனங்களும் கூடி ஓட்டுப் போடும் கேலக்டிக் கவுன்சிலில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வாங்கினால் மொத்தப் பேரண்டமும் உங்களுடையது. ஓட்டு எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது, மக்கள்தொகை கிரகங்களைப் பொறுத்தது, கிரகங்களைப் பெரும்பாலும் போரில்தான் பிடித்திருப்போம். ஆக, அதுவும் பாதி அடிதடிதான்.

பண்பாட்டாலேயே எதிரியின் ஊரைப் பறிப்பது என்ற யோசனையைப் பரவலாக்கியது 2001-ல் வந்த ‘சிவிலைசேஷன் 3’. அங்கே எல்லைக் கோடு பண்பாட்டைப் பொறுத்து நகரும், பக்கத்து நாட்டு நகரம் ஒருநாள் தானாகக் கட்சி மாறும். விண்வெளிக்கு இதை முழுமனதோடு எடுத்துப் போனது ஸ்டார்டாக் நிறுவனத்தின் ‘கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ்’ வரிசை. அப்புறம் ஆம்ப்ளிடியூடின் ‘எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2’, பாரடாக்ஸின் ‘ஸ்டெல்லாரிஸ்’. மூன்றிலும் செல்வாக்கு என்று ஒரு எண் திரையில் ஓடும். அதை நம்பி ஒரு முழு ஆட்டத்தையும் நடத்த முடியுமா என்பதுதான் இங்கே கேள்வி. என் கணக்கில் ஒன்றில் முடியும், ஒன்றில் பாதி முடியும், மூன்றாவதில் அந்த எண்ணை நம்பினால் ஏமாந்துபோவீர்கள்.

கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2: நிறம் பரவும் வரைபடம்

2006-ல் வந்த கேம். ‘டார்க் அவதார்’, ‘ட்வைலைட் ஆஃப் தி ஆர்னோர்’ என்று இரண்டு விரிவாக்கங்கள். இன்று பார்த்தால் படம் பழசாகத் தெரியும், பல பேர் சேர்ந்து ஆடும் வசதியும் கிடையாது. ஆனால் பண்பாட்டுப் படையெடுப்பு என்று சொன்னால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

ஒவ்வொரு கிரகமும் தன்னைச் சுற்றிச் செல்வாக்கை வீசிக்கொண்டே இருக்கும். மக்கள் பெருகப் பெருக அதுவும் கூடும், தூதரகம் மாதிரிக் கட்டடங்கள் அதை இன்னும் ஏற்றும். வரைபடத்தில் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நிறம். இரண்டு நிறங்கள் முட்டும் இடத்தில் யாருடைய வீச்சு பலமோ அந்தப் பக்கம் கோடு தள்ளிப்போகும். எதிரியின் கிரகம் ஒன்று உங்கள் நிறத்துக்குள் மூழ்கி, உங்கள் வீச்சு அதன் சொந்த வீச்சைவிடப் பல மடங்கு ஆகிவிட்டால், அங்கே கலகம் வெடித்து மொத்தக் கிரகமும் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு குண்டுகூடப் போடாமல், கட்டடங்கள், மக்கள் எல்லாம் அப்படியே கைக்கு வரும். படையெடுத்துப் பிடித்தால் இந்த வசதி இல்லை. அங்கே உள்ள சில தாக்குதல் உத்திகள் கிரகத்தின் தரத்தையே கெடுத்துவிடும், ஜெயித்தவனுக்கு மிஞ்சுவது பாழ்நிலம்.

இதைச் செய்யும் ஆயுதம் செல்வாக்கு ஸ்டார்பேஸ், அதாவது செல்வாக்கை வீசும் விண்வெளி நிலையம். நடைமுறை என்னவென்றால், எதிரி இனங்களில் ஒன்றான ட்ரெங்கினின் பேரரசு ஓரத்தில், அவர்களுடைய தலைநகரத்திலிருந்து தள்ளி, மக்கள் குறைவாக உள்ள ஒரு கிரகத்தைத் தேர்வு செய்ய வேண்டும். தலைநகரம் அசையாது, அதன் வீச்சு அவ்வளவு பலம். தேர்ந்த கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்ஸ்ட்ரக்டர் கப்பலை அனுப்பி ஸ்டார்பேஸ் எழுப்பணும். அதன் மேல் ஒவ்வொரு பண்பாட்டு மாட்யூலையும் (கூடுதல் பாகம்) ஏற்ற இன்னொரு கன்ஸ்ட்ரக்டர் வேண்டும். ஒரு மாட்யூல், ஒரு கப்பல், அந்தக் கப்பல் அதோடு காலி. ஆக, போர்க்கப்பல் கட்ட வேண்டிய தொழிற்சாலைகள் வரிசையாகக் கன்ஸ்ட்ரக்டராகக் கக்கிக்கொண்டிருக்கும். டர்ன் டர்னாக (ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும்) அவற்றை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பது உண்மையிலேயே அலுப்பான வேலை, இந்தக் கேமைப் பிடித்தவர்கள்கூட இதில் சலித்துக்கொள்வார்கள். ஆனால் நாலைந்து மாட்யூல் ஏறியபின் வரைபடத்தைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்த மூலை மெல்ல உங்கள் நிறத்துக்கு வந்திருக்கும். பல டர்ன் கழித்து, கோள்களைத் தின்று ஏப்பம் விடும் ட்ரெங்கினின் குடிமக்களே அவர்களை விட்டு உங்களிடம் ஓடிவருவார்கள். இந்த வகைக் கேம்களில் இதைவிடக் குரூரமான சந்தோஷம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கத்தி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்லிவிடணும். ஆரம்பத்தில் ஆளாளுக்கு இடம்பிடிக்கும்போது, நல்ல கிரகம் ஒன்று காலியாக இருக்கிறதே என்று அடுத்தவன் வாசலில் போய்க் குடியேறினால், கொஞ்ச நாளில் அது அவன் பக்கம் போய்விடும். நாம் செலவழித்து வளர்த்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொன்று, இந்தக் கேமில் எதிரிகளை ஆட்டுவிக்கும் ஏஐ உங்கள் ராணுவ பலத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். இளைத்தவன் என்று தெரிந்தால் முதலில் மிரட்டிக் கப்பம் கேட்கும், கொடுக்காவிட்டால் படையோடு வரும். ஸ்டார்பேஸும் வெறும் இரும்புக் கூடுதான், காவல் இல்லாவிட்டால் சில கப்பல்களே தகர்த்துவிடும், ஏற்றிய கன்ஸ்ட்ரக்டர்கள் எல்லாம் அதோடு போச்சு. அதனால் செல்வாக்கு வழியில் போகிறவரும் தற்காப்புக்கு ஒரு கௌரவமான கடற்படையை வைத்திருந்தே ஆகணும் (விண்வெளியில் அதைக் கடற்படை என்று சொல்வது எனக்கு இன்னும் சிரிப்புதான்). செலவில் மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த வழிக்கு வருகிறவர்கள் ஏமாறும் இடம் இது.

2015-ல் வந்த மூன்றாம் பாகம் அறுகோணக் கட்டங்கள், பெரிய வரைபடங்கள், பல பேர் ஆடும் வசதி எல்லாம் கொண்டுவந்தது. செல்வாக்கின் அடிப்படை மாறவில்லை. 2017-ன் ‘க்ரூசேட்’ விரிவாக்கம் ஸ்டார்பேஸ் கட்ட நிர்வாகிகள் தேவை என்று ஒரு வரம்பு வைத்தது. கண்ட இடத்தில் ஸ்டார்பேஸ் நடும் பழக்கத்துக்கு அது சரியான மருந்து. இருந்தாலும் நிறம் பரவும் அந்த வெறி இரண்டாம் பாகத்தில்தான் எனக்கு அதிகம்.

எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2: உள்வீட்டுச் சண்டை

பாரிஸில் உள்ள ஆம்ப்ளிடியூட் 2017 மே மாதம் வெளியிட்டது. பார்க்க அழகு, மூன்றிலும் இதுதான் கண்ணுக்கு விருந்து. இங்கே செல்வாக்கு இரண்டு வேலை செய்கிறது. ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்தைச் சுற்றியும் குமிழி மாதிரி ஒரு வட்டமாக விரிந்து எல்லையாகிறது. கூடவே, கையில் சேரும் காசாகவும் இருக்கிறது. சட்டம் போட, ராஜதந்திரம் பேச, சிறு இனங்களைப் புகழ்ந்து நம்மோடு சேர்த்துக்கொள்ள எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்கணும்.

பண்பாட்டு வழிக்கு இங்கே சிறந்த இலக்கு பெரிய எதிரிகள் அல்ல, வரைபடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் சிறு இனங்கள்தான். ஆரம்பத்திலேயே அவர்களைக் கண்டுபிடித்து, செல்வாக்கைக் கொடுத்து உறவை வளர்த்தால், போரே இல்லாமல் ஒரு வளர்ந்த மண்டலமும் அதன் மக்களும் அவர்களுடைய தனித்திறமையும் உங்களுக்கு. போட்டியாளரின் மண்டலத்தைச் செல்வாக்கு கொடுத்து இழுக்கும் வழியும் உண்டு, ஆனால் அது ஆட்டத்தின் மையம் இல்லை. பண்பாட்டு வெற்றி என்று தனியாக ஒரு முடிவும் கிடையாது. செல்வாக்கில் கொழித்தாலும் கடைசியில் அறிவியல், பொருளாதாரம், அதிசயக் கட்டடம், படை என்று வேறு ஏதாவது வழியில்தான் கதையை முடிக்கணும். அதனால்தான் பாதி என்றேன்.

அந்தப் பாதியை மறக்கவைப்பது உள்நாட்டு அரசியல். ராணுவவாதிகள், விஞ்ஞானிகள், தொழிலதிபர்கள், சூழலியலாளர்கள், சமாதானவாதிகள், மதவாதிகள் என ஆறு கட்சிகள். 20 டர்னுக்கு ஒருமுறை தேர்தல். நீங்கள் செய்கிற ஒவ்வொன்றும் மக்கள் மனதைத் திருப்பும். சமாதானவாதிகள் செனட்டில் உட்கார்ந்து, நீங்கள் அண்டை அயலோடு கொஞ்சிக் குலாவிக்கொண்டிருக்கும்போது, எல்லையில் கடற்கொள்ளையர்கள் தலைகாட்டுகிறார்கள் என்று வையுங்கள். சரி, பாதுகாப்புக்குச் சில போர்க்கப்பல்கள் என்று கட்டுகிறீர்கள். சண்டை போட்டு ஜெயிக்கிறீர்கள். அடுத்த தேர்தலில் ராணுவவாதிகளின் ஓட்டு ஏறியிருக்கும். சமாதானவாதிகள் செனட்டை விட்டுப் போனால் அவர்களுடைய சட்டங்களும் போய்விடும், அதை நம்பிப் போட்ட திட்டம் எல்லாம் தண்ணீரில். தற்காப்புப் படை வேண்டும் என்ற அதே சிக்கல்தான் இங்கேயும், ஆனால் தண்டனை எதிரியிடமிருந்து வருவதில்லை, சொந்த மக்களிடமிருந்து வருகிறது. இதை யோசித்த ஆளுக்கு ஒரு மாலை போடலாம்.

எந்த இனத்தை எடுப்பது என்பதும் இங்கே பெரிய விஷயம். யுனைடெட் எம்பயர் செல்வாக்கைக் கொடுத்தே கட்டுமானங்களை உடனடியாக முடித்துக்கொள்ளும், மற்றவர்கள் அதற்கு டஸ்ட் என்ற பணத்தைக் கொட்டணும். அன்ஃபாலன் என்ற மர மனிதர்கள் கொடி படரவிட்டு மண்டலம் மண்டலமாகப் பிடிப்பவர்கள், இயல்பிலேயே சமாதானப் பிரியர்கள். முதல்முறை ஆடுகிறவர் அன்ஃபாலனைத் தொட வேண்டாம், கொடியை வெட்டினால் என்ன ஆகும் என்று புரிவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். யுனைடெட் எம்பயர் போதும்.

ஸ்டெல்லாரிஸ்: அனுமதிச் சீட்டு

2016 மே மாதம் வந்து, இன்றுவரை மாறிக்கொண்டே இருக்கும் கேம். முதல் இரண்டு வருடம் இதில் எல்லைகள் காலனிகளிலிருந்து வட்டமாக வீசி ஒன்றையொன்று தள்ளின, கேலக்டிக் சிவிலைசேஷன்ஸின் சாயல் கொஞ்சம் இருந்தது. 2018 பிப்ரவரியில் 2.0 பேட்ச் என்ற மேம்படுத்தல் அதைத் தூக்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்திலும் யாருடைய நிலையம் நிற்கிறதோ அவருக்கே அது சொந்தம். பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கோடு ஒரு இம்மிகூட நகராது.

அப்படியானால் செல்வாக்கு எதற்கு? பரவுவதற்கான அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். ஒரு புறக்காவல் நிலையத்துக்கு அடிப்படை விலை 75 செல்வாக்கு. அடிப்படை வரவு மாதத்துக்கு 3. வேறு வரவு இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு மண்டலத்துக்கு 25 மாதம் காத்திருக்கணும். அடுத்தவன் நிலத்துக்கு உரிமை கோருவதற்கும் இதுதான் செலவாகும், அந்த உரிமையை நிலைநாட்டுவது போர். வரவைக் கூட்டும் வழிகள் இன்னும் வேடிக்கை. யாரையாவது பகைவன் என்று அறிவித்தால் செல்வாக்கு கூடும். பெரிய படை வைத்து மிரட்டும் தோரணை காட்டினால் கூடும். அந்நியரை வெறுக்கும் கொள்கை கொண்ட அரசுக்குப் புறக்காவல் நிலையங்கள் மலிவாகவே கிடைக்கும். பண்பாட்டால் ஜெயிக்கலாம் என்று இந்த எண்ணைத் துரத்தினால் கடைசியில் முரடனாகத்தான் மாறி நிற்பீர்கள்.

ஆனால் ஸ்டெல்லாரிஸை ஒதுக்கிவிட வேண்டாம். அங்கே உண்மையான பண்பாட்டு விளையாட்டு வேறு இடத்தில் நடக்கிறது. இடப்பெயர்வு ஒப்பந்தம் போட்டால் அயலான் மக்கள் நல்ல வாழ்க்கை தேடி உங்கள் கிரகங்களுக்கு வருவார்கள். 2020-ல் வந்த ‘ஃபெடரேஷன்ஸ்’ விரிவாக்கம் கூட்டாட்சிகளை விரிவாக்கியது, அதே சமயம் வந்த கேலக்டிக் கம்யூனிட்டி என்ற பேரரசுகளின் சபையில் தீர்மானம் கொண்டுவந்து அடுத்தவன் எப்படி வாழணும் என்று சட்டமே போடலாம். தீர்மானத்தை மீறுகிறவன் மேல் தடைகள் விழும். 2021-ன் ‘நெமிசிஸ்’ விரிவாக்கத்தையும் சேர்த்தால் அதே சபை வழியாகக் காவலர் (கஸ்டோடியன்) என்ற தனி அதிகாரப் பதவிக்கு வந்து, அங்கிருந்து பேரரசர் ஆகலாம். தூதர்களை எங்கே அனுப்புவது, யாருக்கு எப்போது உதவி செய்து கடன்படுத்துவது என்று நூறு வருஷக் கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு இது பெரிய விருந்து. ஒரே உறுத்தல், சபையில் உங்கள் ஓட்டின் எடையில் படைபலமும் ஒரு பங்கு. ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ கவுன்சிலுக்கு வயது ஏறியிருக்கிறது, குணம் மாறவில்லை.

எதை எடுக்கலாம் என்று கேட்டால்: எதிரியின் கிரகம் கட்சி மாறுவதைக் கண்ணால் பார்க்கணும் என்றால் கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2, பழைய லேப்டாப்பிலும் ஓடும். சொந்தக் குடிமக்களோடு மல்லுக்கட்டப் பிடிக்கும் என்றால் எண்ட்லெஸ் ஸ்பேஸ் 2. நண்பர்களோடு இரவெல்லாம் உட்கார்ந்து ஒருவரையொருவர் சபையில் கவிழ்க்க ஆசை என்றால் ஸ்டெல்லாரிஸ், டிஎல்சி (தனியாக விற்கும் விரிவாக்கங்கள்) செலவுக்குத் தயாராக இருங்கள், தள்ளுபடி வரும்போது மட்டும் வாங்குங்கள்.

கேலக்டிக் சிவிலைசேஷன்ஸ் 2-ல் இறங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் ஆட்டத்துக்கு நடுத்தர அளவு வரைபடம் போதும். பெரியதில் எல்லைகள் முட்டவே நேரமாகும், அதுவரை செல்வாக்கு சும்மா வெற்றிடத்தில் வீசிக்கொண்டிருக்கும். செல்வாக்கு வெற்றி என்ற தெரிவை அணைத்துவிட்டு ஆடுங்கள். அதை விட்டுவைத்தால் நிறம் போதிய அளவு பரவியதும் ஆட்டம் முடிந்துவிடும், கடைசி ட்ரெங்கின் கிரகம் உங்கள் பக்கம் சாய்வதைப் பார்க்கக் கொடுத்துவைக்காது.