பின்வீட்டுக்கு அனுமதி வாங்கித் தந்த திட்ட ஆலோசகர்

மேற்குச் சிட்னியில் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம் ஒரு கிரானி பிளாட், அதாவது தனியாகக் குடியிருக்கும் சிறு வீடு, ஏற்கெனவே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மாவை அங்கே குடிவைக்கலாம் என்று இருந்தோம். கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், பதிவை எடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டடம் அதில் இன்னும் கராஜ்! முந்தைய உரிமையாளர் யாரிடமும் கேட்காமல் சமையலறையும் குளியலறையும் போட்டு வீடாக்கியிருக்கிறார்.

கட்டட அனுமதி வாங்க உதவும் திட்ட ஆலோசகர்கள் மூவரிடம் விசாரித்தேன். இருவர் இடத்தைப் பார்க்காமலேயே அனுமதி கிடைத்துவிடும் என்றார்கள். மூன்றாமவர் அளவு நாடாவோடு வந்தார், அவரையே அமர்த்தினேன்.

கட்டி முடித்த வேலைக்குப் பின்தேதியிட்டு அனுமதி கிடையாது என்பதை முதல் நாளே சொன்னார். நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்குக் கட்டடத் தகவல் சான்றிதழ் வேண்டும். அதை வீடாகப் பயன்படுத்த அபிவிருத்தி விண்ணப்பம் வேண்டும். சான்றிதழ் கையில் இருந்தால், அது தரப்பட்ட நாளில் இருந்த நிலைக்காக 7 ஆண்டுகளுக்குக் கவுன்சில் இடிக்கச் சொல்ல முடியாது. ஆனால் குடியிருக்கும் உரிமையை அது தராது. இந்த வேறுபாட்டை மற்ற இருவரும் வாயே திறந்து சொல்லவில்லை. எனக்கு இன்றும் அதில் கோபம் உண்டு.

பரப்பு 54 சதுர மீட்டர். 60 வரை போகலாம் என்பதால் அதில் சிக்கல் இல்லை. படுக்கையறைக் கூரைதான் 2.36 மீட்டரில் நின்றது, தேவை 2.4. நான்கு சென்டிமீட்டருக்காகப் பலகைகளைக் கழற்றி உயர்த்தினோம். குளியலறையில் நீர்க்கசிவுத் தடுப்புக்குச் சான்று எதுவும் இல்லாததால் ஓடுகளைப் பெயர்த்து மறுபடி செய்தோம்.

மனதுக்குக் கஷ்டமாக இருந்தது வேலிப்பக்கச் சுவர். எல்லையிலிருந்து 700 மில்லிமீட்டரில் நிற்கிறது. 900க்குள் இருந்தால் சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்க வேண்டும். அதனால் வெளிப்புறம் தீத்தடுப்புப் பலகை அடித்து, அங்கிருந்த சிறிய ஜன்னலையும் அடைத்தோம். வந்த நாளிலிருந்து அம்மா அதன் வழியே பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆலோசகர் அவரை உட்காரவைத்துக் காரணத்தை விளக்கி, முற்றத்துப் பக்கம் பெரிய ஜன்னலாக வரைபடத்தில் சேர்த்துக் கொடுத்தார். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்வேன்.

குறையும் உண்டு. நில அளவையாளர், கட்டமைப்புப் பொறியாளர் கட்டணங்கள் தனி என்பதை முதல் மதிப்பீட்டில் தெளிவாக எழுதவில்லை. தொலைபேசியில் பிடிப்பது கடினம். மின்னஞ்சலுக்கு மறுநாள் பதில் வரும்.

எல்லாம் முடிய 11 மாதங்கள் ஆயின. அதுவரை அம்மா எங்கள் வரவேற்பறையில்தான் படுத்தார். அனுமதி வந்த சனிக்கிழமை, புது ஜன்னலோரம் தன் கட்டிலைப் போடச் சொன்னார்.