அம்பாசிடர் எஞ்சினைக் கழற்றிக் கொடுக்கிறீர்களா? முதலில் பிளாக் நம்பரைப் படம் எடுத்து வையுங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பாவின் வண்டி 1978 அம்பாசிடர், மார்க் 3, பெட்ரோல். அவர் போன பிறகு நான்கு வருடம் கொட்டகையிலேயே கிடந்தது. ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, எடுத்து ஓட்டினால் ஆயிலைக் குடிக்கும். சரி, எஞ்சினை இறக்கி முழு வேலை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

திருச்சியில் நடந்த ஒரு பழைய கார் ஊர்வலத்தில் அந்தத் தம்பி பழக்கமானார். பெயர் வேண்டாம். மெக்கானிக் இல்லை, நம்மைப் போலப் பழைய வண்டிப் பித்து. இரண்டு அம்பாசிடரைத் தானே பிரித்துப் பூட்டியவர். "கூலி எல்லாம் வேண்டாம்ண்ணே, சாமான் காசும் லேத் காசும் மட்டும் குடுங்க" என்றார். வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தார், சாப்பிட்டார். அவர் போனதும் அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளை இலையைவிடக் கொட்டகையத்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு." அதை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

தை மாதம் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கையில் இருந்தது. அதிலிருந்து தவணை தவணையாக 68,000 ரூபாய் கொடுத்தேன், எல்லாம் ரொக்கம். அவர் சொன்ன கணக்கு இது: சிலிண்டர் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, இதுவரை கம்பெனி அளவான ஸ்டாண்டர்டிலேயே இருக்கிறது, அதைக் கொஞ்சம் அகலமாக்கி 20 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்கைக் கிரைண்டிங் செய்து (தேய்ந்த இடத்தைச் சீராக அரைத்து) புது பேரிங். வால்வு, கைடு, ஹெட் ஃபேசிங். பில் கேட்க நாக்கு எழவில்லை. கூலியே வாங்காத ஆளிடம் பில் கேட்பது எப்படி?

மூன்று மாதம் என்றது ஆறு மாதம் ஆனது. மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவும் முடிந்த பிறகுதான் எஞ்சின் வந்தது. பளபளவென்று பச்சை பெயிண்ட். எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்கில் எஞ்சின் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் மட்டும் பெயிண்ட் தடித்திருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்றேன்.

நானூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. திருவாரூர் போய்த் திரும்பும்போது, எஞ்சின் நன்றாகச் சூடானதும் அடியில் டக் டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் நீலப் புகை. ரன்னிங் இன் காலத்தில் கொஞ்சம் புகை வரத்தான் செய்யும் என்றார் போனில். சத்தத்துக்குப் பதில் சொல்லவில்லை.

கடைசியில் நீடாமங்கலத்தில் டிராக்டர் எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். 'டிராக்டர் ஆளுக்கு அம்பாசிடர் என்ன தெரியும்' என்று முன்பு ஒதுக்கியவரேதான். ஹெட்டைத் தூக்கியதும் கரியைத் துடைத்துவிட்டுப் பிஸ்டன் தலையைக் காட்டினார். 040 என்று குத்தியிருந்தது. இந்த 1489 சி.சி. எஞ்சினுக்குக் கம்பெனி போர் 73 மில்லிமீட்டர் சொச்சம். 20 என்றால் அரை மில்லிமீட்டர், 40 என்றால் ஒரு மில்லிமீட்டர் அகலம் கூடிவிட்டது என்று அர்த்தம். "இதுக்கு மேல லைனர்தான் தம்பி" என்றார். துளைக்குள் புது இரும்புக் குழாய் இறக்க வேண்டுமாம். அப்புறம் கீழே ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, க்ராங்க் பேரிங்கைத் திருப்பினார். முதுகில் STD, அதாவது ஸ்டாண்டர்ட். கிரைண்டிங் செய்து மெலிந்த க்ராங்குக்கு அண்டர்சைஸ் பேரிங்தான் உட்காரும். ஆக, க்ராங்க் லேத் பக்கமே போகவில்லை. பேரிங்கும் பழசு, வெள்ளை உலோகம் தேய்ந்து செம்பு தெரிந்தது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி மருந்து தெளிப்பான், பம்ப்செட் எல்லாவற்றிலும் தன் பெயரின் முதல் எழுத்தைப் பஞ்ச்சால் குத்திவிடுவார். காரையும் விடவில்லை. ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே, பிளாக்கில், 'மு'. டார்ச் அடித்துத் தேடினேன். இல்லை. பெயிண்டைச் சுரண்டி நம்பரைப் பார்த்தால் ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது வேறு, இது வேறு. கைபடாத என் ஸ்டாண்டர்ட் பிளாக்கை எடுத்துக்கொண்டு, தேய்ந்து முடிந்த ஒன்றைத் தலையில் கட்டியிருக்கிறார் அந்தத் தம்பி.

கேட்டபோது, "பழைய வண்டிக்கு நம்பர் எல்லாம் யாருண்ணே பாக்குறாங்க, ஓடுதுல்ல?" என்றார். அதற்குப் பிறகு போன் எடுப்பதில்லை. யார் பார்க்கிறார்களா? 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் எஞ்சின் நம்பரையும் பார்ப்பார்கள். எனக்கு அது வருகிற மாசியில். வேறு எஞ்சின் மாட்டினால் அதை ஆர்.சி.யில் பதிய வேண்டும், இந்த பிளாக் யாருடையது என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பெரியவர் இப்போது பிரித்த சாமான்களைக் கோணிச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறார். டெல்டாவிலோ திருச்சியிலோ யாராவது உங்களிடம் ஸ்டாண்டர்ட் போர் அம்பாசிடர் பிளாக் விற்க வந்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே கொஞ்சம் துடைத்துப் பாருங்கள். 'மு' கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும்.